பீலிக்கரைச் சண்டை

பேச்சியம்மா வாயை மூடிக்கொண்டாள் என்கிற செய்தி ஊசிப்பாறைத் தோட்டத்தில் பரவிய வேகத்துக்கு, அவள் வாயைத் திறந்து பரப்பிய எந்தச் செய்தியும் பரவியதில்லை. தோட்டத்தில் அவளுக்குத் ‘தந்திப் பேச்சி’ என்று பேர். தோட்டத்தை மேற்பார்க்கிற கண்டாக்கையாவின் மனைவி எதற்காகக் கோபித்துக்கொண்டு நானுஓயாவில் ரயிலேறினாள், பங்களாவில் சமைக்கிற அப்புவுக்கும் தோட்டக்காரனுக்கும் ஏன் பேச்சில்லை, வேலாயி வீட்டுக் குழம்பில் நேற்று ஏன் புளி தூக்கல், எல்லாம் அவள் வாய் வழியாகத்தான் மலைக்கு வரும். காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டு மலையேறுவதற்குள் பாதியைச் சொல்லி முடித்துவிடுவாள். மீதி, பத்து மணித் தேத்தண்ணிக்கு.

அவளிடம் பொல்லாப்பு கிடையாது. அவளுக்குத் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். தலைக்கு மேலே ஏரோப்பிளேன் போனால், அதற்குள் இருக்கிறவனுக்கு ஒன்றுக்கு வந்தால் எங்கே போவான் என்று கேட்பாள். பெரிய துரை இறந்துபோன நாய்க்குக் கல்லறை கட்டியபோது, நாய்க்குக் கருமாதி உண்டா என்று கேட்டு அப்புவைத் திணறடித்தவள். தெரிந்துகொண்ட பிறகு அதைத் தன்னிடமே வைத்துக்கொள்ள அவளால் முடியாது. உலகத்தில் பலபேருக்கு இருக்கிற குறைதான், இவளுக்குக் கொஞ்சம் கூடுதல்.

அப்பேர்ப்பட்டவள் அந்த ஐப்பசி மாதம் ஒரு வாரமாக வாயைத் திறக்கவில்லை. கன்னத்தில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் கொழுந்தெடுத்தாள். பக்கத்து நிரையில் நின்ற வேலாயி பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“என்னக்கா, பல்லு வலியா?”

“ம்.”

“எந்தப் பல்லு?”

“எல்லாம்.”

வேலாயி சிரித்தாள். அவளுக்குக் காரணம் தெரியும். பேச்சியம்மா குடியிருந்த லயத்தில் வரிசையாக இருந்த ஆறு காம்பரா வீட்டுக்கும் தெரியும். தெரியாமல் இருக்க வழியில்லை. லயத்துச் சுவர்கள் கூரைவரை எழும்பாது. தகரத்துக்குக் கீழே ஒரு முழம் இடைவெளி நீளத்துக்கும் ஓடும். ஒரு காம்பராவில் தும்மினால் ஆறாவது காம்பராவில் பிள்ளை விழித்துக்கொள்ளும். அந்த இடைவெளி வழியாகத்தான் ஒரு மழை நாளின் விடியற்காலையில், தெரிந்த ஒரு இருமல் சத்தம் எல்லாக் காம்பராவுக்கும் கேட்டது. ஆண்டியப்பன் வந்துவிட்டான்.

ஆண்டியப்பன் பேச்சியம்மாவின் ஒரே தம்பி. இதே லயத்தில், தன் குடும்பம் இப்போதும் இருக்கிற காம்பராவில் பிறந்தவன். அவன் அப்பன் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டிச் செத்தது இந்த மலையில்தான். அப்பன் போன பிறகு ஆத்தாள் மட்டும் திருச்சிச் சீமையில் தன் பிறந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் செத்துப்போனதாகத் தந்தி வந்தது. கருமாதிக்கு மொட்டை போட ஆண்பிள்ளை வேண்டுமென்று ஆண்டியப்பன் கப்பலேறினான். போக விட்டார்கள், திரும்பி வர விடவில்லை. இலங்கையில் புதுச் சட்டம். நீ யார், எந்த நாட்டான், எங்கே அனுமதி என்று கேட்டார்கள். பிறந்த காம்பராவுக்குப் போக அனுமதி எதற்கு என்று அவனுக்கு விளங்கவில்லை. அலைந்து பார்த்து அலுத்துப்போய், கடைசியில் ராமேஸ்வரத்துப் பக்கம் ஒரு தோணியில் ஏறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாகவும் லாரி வழியாகவும் வந்து சேர்ந்தான். வந்து சேர்ந்ததும் அவனுக்கு ஒரு புதுப் பேர் ஆகிவிட்டது. கள்ளத்தோணி.

பிடிபட்டால் கொழும்புக்குக் கொண்டுபோய் முகாமில் அடைத்து, அடுத்த கப்பலில் ஏற்றிவிடுவார்கள். பெண்டாட்டி ராக்காயியும் இரண்டு பெண்பிள்ளைகளும் இந்தப் பக்கம், அவன் அந்தப் பக்கம். ஒளித்து வைத்தவர்களைத் தோட்டத்தை விட்டே துரத்துவார்கள். வலப்பனைப் பக்கத்தில் போலீஸ் ஜீப் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்குவதாகக் கேள்வி.

ஆகவே ஆண்டியப்பன் அட்டலில் ஏறிப் படுத்துவிட்டான். அடுப்புக்கு மேலே, ஈர விறகைக் காயப்போடக் கட்டியிருக்கிற பரண்தான் அட்டல். முன்னால் விறகு, பின்னால் ஆண்டியப்பன். கீழே ரொட்டி வேகிற புகை முழுக்க அவன் மூக்குக்கு. இருமல் வந்தால் வாயில் கம்பளியைத் திணித்துக்கொள்வான்.

அவன் வந்த அன்று ராக்காயி நாத்தனாரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவள் அதிகம் பேசாதவள். பேசினாலும் பக்கத்தில் நிற்கிறவளுக்கு மட்டும் கேட்கும்.

“மதினி, இந்த லயத்துல யாருக்கும் நான் பயப்படல. எனக்குப் பயமெல்லாம்…”

“சொல்லு.”

“ஒங்க வாயிதான் மதினி.”

பேச்சியம்மாவுக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் சொன்னதில் தப்பில்லை என்றும் தெரிந்தது. மாரியம்மன் மேல் ஆணையாக வாயே திறப்பதில்லை என்று சத்தியம் செய்தாள். அவள் வாயை மூடியதைப் பார்த்து லயத்துச் சனம் முழுக்கத் தானும் மூடிக்கொண்டது. மலை ஊற்று வந்து விழுகிற பீலிக்கரையில் குடம் நிறைகிற சத்தத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. பிள்ளைகள் அழுதால் வாயைப் பொத்தினார்கள். எல்லாரும் அவ்வளவு நல்லவர்களாக இருந்தார்கள்.

தப்பு அங்கேதான் நடந்தது.

அன்று மதியம் தூறல். செல்லசாமி கங்காணி குடையை மடக்கிக்கொண்டு பேச்சியம்மாவின் நிரைக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

“என்ன பேச்சி, ஒரு வாரமா மலையே மூச்சில்லாம கெடக்கு.”

“பல்லு வலிங்க கங்காணி.”

“பல்லு வலின்னா நீ அந்தப் பல்லப் பத்தியில்ல பேசணும்? போன வருசம் ஒனக்குக் கண்ணு வலி வந்தப்ப எங்க எல்லாருக்கும் கண்ணு வலி வந்த மாதிரி ஆக்கிட்டியே.”

பேச்சியம்மா அடுத்த செடிக்குக் கையை நீட்டினாள்.

“ஒங்க லயமும் அப்பிடித்தான் இருக்கு. நேத்து அந்தப் பக்கமா வந்தேன். எழவு வீட்டுலகூட நாலு பேரு பேசுவாங்க. என்னதான் ஆச்சு அங்க?”

அவன் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. செல்லசாமி இருபது வருடமாக இந்தச் சனத்தோடு ஏறி இறங்குகிறவன். ஆனால் இதையே நாளைக்குக் கண்டாக்கையாவிடம் சிரித்துக்கொண்டே சொல்வான். கண்டாக்கையா சிரிக்காமல் கேட்டுக்கொள்வார். பேச்சியம்மா முற்றலையும் கொழுந்தையும் சேர்த்துப் பறித்துக் கூடையில் போட்டாள்.

மறுநாள் பிள்ளைக்காம்பராவில் வெள்ளைச் சிஸ்டர் வருகிற நாள். கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற அந்தக் கட்டடத்தின் இஸ்தோப்புத் திண்ணையில், டவுன் கன்னியர் மடத்துச் சிஸ்டர் ஒருத்தி மருந்துப் பெட்டியோடு வந்து உட்காருவாள். பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்து, பெரியவர்களுக்குப் புண்ணுக்குக் கட்டு. பிரான்சு தேசத்துக்காரி. முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். முதலில் யாழ்ப்பாணத்தில் இருந்து அங்கே தமிழ் படித்தவளாதலால் ‘ஓம்’ என்பாள், ‘கதைக்கிறது’ என்பாள். வெள்ளைத்தோலில் யாழ்ப்பாணத் தமிழைக் கேட்கவே சிலர் புண் இல்லாமல் வந்து நிற்பார்கள்.

பேச்சியம்மாவுக்கு மெய்யாகவே புண். அட்டை கடித்த இடம் கணுக்காலில் சீழ் வைத்துவிட்டது. சிஸ்டர் வெந்நீரில் பஞ்சை நனைத்துத் துடைத்தாள். எப்போதும் பேச்சியம்மா கேட்டுக்கொண்டே இருப்பாள், சிஸ்டர் சிரித்துக்கொண்டே சொல்லுவாள். உள்ளே என்ன உடுத்துவீர்கள், தலையை மொட்டை போட்டிருக்கிறீர்களா, மாதா கனவில் வருவாளா. இன்றைக்குப் புண்ணைக் கீறியபோதும் அவளிடமிருந்து சத்தம் வரவில்லை.

“என்ன பேச்சியம்மா, இண்டைக்கு ஒண்டும் கேக்கேல்லை?”

போன தடவை சிஸ்டர் பாதியில் விட்ட பேச்சு பேச்சியம்மாவின் தொண்டையில் ஒரு வாரமாக நின்றது. தன் ஊர் மலை ஊர் என்றும், யுத்தத்தின்போது ஜெர்மன்காரனிடமிருந்து ஊர்ப் பையன்களைக் காட்டில் ஒளித்து வைத்தார்கள் என்றும் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சிஸ்டரைக் கூட்டிப்போக மடத்து வண்டி வந்துவிட்டது. சொல்லத்தானே மாட்டேன் என்று சத்தியம் பண்ணினோம், கேட்கமாட்டேன் என்றா பண்ணினோம்? பேச்சியம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“சிஸ்டரம்மா, ஒங்க ஊரு பேரு என்னாங்க?”

“வல்புரூன்.”

“நம்ம வலப்பனை மாதிரியில்ல இருக்கு. எத்தன சனம்?”

“சின்ன ஊர். முந்நூறு சனம். பனிக்காலத்தில சன்னல் வரைக்கும் பனி நிக்கும். எல்லாரும் மாடு வளக்கிற ஆக்கள்.”

“அந்தப் பையன்கள ஏன் புடிக்க வந்தான்?”

“ஜெர்மனியில ஃபாக்டரிக்கு ஆள் காணாது. இருபது வயசுப் பொடியங்கள் எல்லாரும் வேலைக்கு வரவேணும் எண்டு சட்டம் போட்டவங்கள்.”

“ஆள் புடிச்சானுங்க! கங்காணி வச்சா?”

“இல்லை, துவக்கு வச்சு.”

“எங்க தாத்தனுக்குத் துப்பாக்கி காட்டல. தேயிலைத் தூருல தேங்காயும் மாசிக் கருவாடும் இருக்குன்னு கங்காணி சொன்னான், வந்துட்டாரு. அப்புறம்?”

“பொடியங்கள் போகேல்லை. காட்டுக்குள்ள ஏறிட்டாங்கள். மரம் எரிச்சுக் கரி எடுக்கிற குடிசையள் அங்க இருந்தது. சாப்பாடு நாங்கள் குடுத்தனாங்கள். நானும் கொண்டு போனனான். பால் வாளிக்குள்ள சூப்.”

“என்ன சூப்பு?”

“உருளைக்கிழங்கும் லீக்ஸும்.”

பேச்சியம்மாவுக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. சீமையில் என்னவோ தின்பார்கள் என்று நினைத்திருந்தாள். நுவரெலியாத் தோட்டங்களில் மூட்டை மூட்டையாக லாரி ஏறுகிற அதே கிழங்கும் அதே லீக்ஸும்தானா ஜெர்மன்காரனை எதிர்த்து நின்றது? பிறகு அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, கேட்க வந்ததைக் கேட்டாள்.

“முந்நூறு வாயி சிஸ்டரம்மா. எப்பிடி மூடுனீங்க?”

சிஸ்டர் கட்டுத்துணியைச் சுற்றிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள்.

“மூடினது பிழை.”

“என்ன?”

“முதல் தரம் ஆமிக்காரர் வந்தபோது எல்லாரும் வாயை மூடினோம். கதவைப் பூட்டினோம். நாய்களைக் கட்டினோம். ஒரு சத்தமும் இல்லை. ஒரு பெரிய ஆபீசர் கோயிலுக்கு முன்னால நிண்டு அப்பிடியே கேட்டுக்கொண்டு நிண்டான். பிறகு சிரிச்சான். ஒருத்தரும் சண்டை பிடிக்காத ஊரில யாரோ ஒளிச்சிருக்கினம் எண்டு சொன்னான். ஒவ்வொரு வீடாத் தேடினாங்கள். சப்பாத்து தைக்கிற மாமா வீட்டில வைக்கோலுக்குள்ள இரண்டு பொடியங்கள். காய்ச்சல் எண்டு கீழ வந்திருந்தவங்கள். அவங்களையும் மாமாவையும் கொண்டு போனாங்கள்.”

“திரும்பி…?”

“வரேல்லை.”

உள்ளே தொட்டிலில் ஒரு பிள்ளை சிணுங்கியது. பேச்சியம்மா தன் லயத்தை நினைத்துப் பார்த்தாள். ஊசிப்பாறையில் இப்போது நாய் குரைக்காததுதான் பாக்கி.

“அப்புறம் என்னா செஞ்சீங்க?”

“எங்கட ஊரில பொம்பிளையள் எல்லாரும் உடுப்புத் தோய்க்கிற தண்ணித்தொட்டி ஒண்டு இருக்கு.”

“பீலிக்கரை.”

“ஓம், பீலிக்கரை. அதிலயிருந்து பாத்தா ரோட்டு வளைவு தெரியும். லொறி வளைவில தெரிஞ்ச உடன பொம்பிளையள் சண்டை துவங்குவினம். நல்ல சத்தமா. மலையில சத்தம் மேல ஏறும்தானே? காட்டுக்குக் கேக்கும். பொடியங்கள் உள்ளுக்கு ஓடுவாங்கள். ஆமிக்காரர் வந்து நிண்டு சண்டையைப் பாத்துச் சிரிப்பாங்கள். பொம்பிளையள் சண்டை பிடிச்சா உலகத்தில எல்லா ஆம்பிளையும் நிண்டு பாப்பான்.”

“என்ன சொல்லிச் சண்ட?”

“பழைய சண்டையள். உன்ர மாடு என்ர தோட்டத்துக் கோவாவைத் திண்டது. உன்ர மாமி என்ர கலியாணத்துக்கு வரேல்லை.”

“கெட்ட வார்த்தையும் உண்டா?”

சிஸ்டரின் முகம் காதுவரை சிவந்தது. “நான் எல்லாத்தையும் அங்கதான் படிச்சனான். பிறகு மடத்தில சேந்து மறந்தனான்.”

பேச்சியம்மா ஒரு வாரத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். சிஸ்டரும் சிரித்தாள். கட்டை முடித்து முடிச்சுப் போட்டபோது பேச்சியம்மா அவள் முகத்தையே பார்த்தாள்.

“இதெல்லாம் நான் எதுக்குக் கேக்கறேன்னு நீங்க கேக்கலியே?”

“எங்கட ஊரில கேக்கிறதில்லை,” என்றாள் சிஸ்டர். “அடுத்த ஆள் வாங்கோ.”

கேட்காமல் இருக்கவும் ஒரு மனுஷிக்கு முடியும் என்பதை யோசித்துக்கொண்டே பேச்சியம்மா நொண்டி நொண்டி லயத்துக்கு வந்தாள். வந்ததும் ராக்காயியை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னாள். விறகுக்குப் பின்னாலிருந்து ஆண்டியப்பனும் கேட்டான்.

“சண்டையா? ஒங்ககூடயா மதினி? எனக்கு வராதுங்க.”

“வராதுன்னா எப்பிடி? நான் ஆரம்பிக்கறேன். நீ எதுத்துப் பேசு. ஜீப்பு தெரிஞ்சா இப்பிடித்தான். அவன் எங்க இருந்தாலும் சத்தத்தக் கேட்டு அட்டல்ல ஏறிக்கணும். கேக்குதாடா?”

“கேக்குதுக்கா,” என்றது விறகு.

மறுநாள் காலையில் பீலிக்கரையில் ஒத்திகை. லயமே குடத்தோடு நின்றது. பேச்சியம்மா இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு தொடங்கினாள்.

“எவடி அவ, என் கொடத்த நகத்தி வச்சவ? கையில புத்து வைக்க!”

ராக்காயி தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: “நான்தான் மதினி. தெரியாம செஞ்சுட்டேன். மன்னிச்சுக்கங்க.”

பீலிக்கரை குலுங்கிச் சிரித்தது. பேச்சியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் சண்டை வராவிட்டாலும் சத்தம் வந்துவிட்டது. வேலாயி பேச்சியம்மாவைக் கேலி செய்ய, இவள் வேலாயியின் புளிக்குழம்பைக் கிளப்ப, அன்றைக்கு மலைக்குப் போகிற வழியெல்லாம் பேச்சுத்தான். தம்பியைத் தவிர உலகத்திலுள்ள எல்லாவற்றையும் பேசினாள் பேச்சியம்மா. வல்புரூன் என்று ஒரு ஊர், அங்கே சன்னல்வரை பனி, அந்த ஊர்க்காரர்கள் லீக்ஸ் சூப் குடிப்பார்கள் என்று நிரை நிரையாகச் சொன்னாள். ஒளித்ததை மட்டும் சொல்லவில்லை. அவள் வாழ்க்கையில் ஒரு கதையின் நடுத்துண்டை விழுங்கியது அதுதான் முதல் தடவை. செல்லசாமி கங்காணி தூரத்திலிருந்து கேட்டுவிட்டு, “பல்லு சரியாயிருச்சு போல,” என்று சொல்லிக்கொண்டு குடையை விரித்தான்.

ஜீப் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. வெயில் அடித்த நாள். எல்லாருக்கும் ஓய்வு. வாசலில் கம்பளிகள் காய்ந்தன. ஆண்டியப்பன் அட்டலிலிருந்து இறங்கி, லயத்தின் பின்பக்கம் மரக்கறித் தோட்டத்தில் தன் சின்ன மகளின் தலையில் பேன் பார்த்துக்கொண்டிருந்தான். பீலிக்கரையில் குடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்த வேலாயிதான் முதலில் பார்த்தாள். ஃபாக்டரி ரோட்டு வளைவில் ஜீப் நின்று, காக்கிச்சட்டைகள் இறங்கிக் குறுக்குப்பாதையில் ஏறின. முன்னால் குடையோடு செல்லசாமி கங்காணி.

வேலாயி பேச்சியம்மாவின் முந்தானையை இழுத்தாள். பேச்சியம்மா பார்த்தாள். அடுத்த நொடி ராக்காயியின் குடத்தை எட்டி உதைத்தாள். அது கல்லில் மோதி உருண்டது.

“ஏ ராக்காயி! என்னமோ பட்டத்து ராணி மாதிரி கொடத்த முன்னாடி வச்சிருக்க? நீ வந்தப்பறந்தான் இந்தப் பீலி வந்துச்சா?”

ராக்காயி உருண்ட குடத்தைப் பார்த்தாள், பாதையைப் பார்த்தாள். வாய் திறந்து மூடியது. பேச்சியம்மா பதறினாள். இப்போதும் மன்னிப்புக் கேட்டுத் தொலைக்கப் போகிறாளோ? அவளைக் கிளப்ப என்ன சொல்வதென்று தேடாமலே வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள்.

“கேக்க புருசன் இல்லாத திமிருடி ஒனக்கு!”

ராக்காயியின் முகம் மாறியது.

“என் புருசன் ஏன் இல்ல?” என்றாள். மெதுவாகத்தான் கேட்டாள். பிறகு அவளிடமிருந்து அந்த லயம் அதுவரை கேட்டிராத ஒரு குரல் வந்தது. “ஏன் இல்ல? யாரு அனுப்புனது? சொல்லுங்க! எல்லாரும் கேக்கட்டும். கருமாதிக்கு மொட்ட போட ஆம்பளப் புள்ள வேணும்னு இதே வாசல்ல பொரண்டு அழுதது யாரு?”

“ஏ, என்னடி…”

“நான் கால்ல விழுந்தேன். போகாதன்னு சொல்லுங்க மதினி, நீங்க சொன்னா கேப்பாருன்னு கும்புட்டேன். போனா வர விடமாட்டான்னு யூனியன் தலைவரும் சொன்னாரு. பெத்தவளுக்குச் செய்யாதவன் ஆம்பளையான்னு கேட்டீங்க. ஒங்க ஆத்தா எரிஞ்சு சாம்பலாயி ஆத்துல போயிட்டா. மொட்டையடிக்கப் போன மனுசன் ரெண்டு வருசமா வரல. உயிரோட இருக்கற புருசனுக்கு நான் ரெண்டு வருசம் முண்டச்சியா இருந்தேன். சின்னவ அப்பன் மூஞ்சியவே மறந்துட்டா. ஒங்க வாயி! ஒங்க வாயிதான் என் குடும்பத்தத் தின்னுச்சு!”

காக்கிச்சட்டைகள் வந்து நின்றுவிட்டன. பின்பக்கத்துத் தகரக் கதவு லேசாகக் கிறீச்சிட்டதை யாரும் கவனிக்கவில்லை. பேச்சியம்மாவுக்கும் கேட்கவில்லை. போலீசும் ஜீப்பும் அவளுக்கு மறந்துபோயிருந்தன. ஆத்தாளைச் சொன்னதும் நெஞ்சில் தீப்பற்றிக்கொண்டது.

“என் ஆத்தாடி அது! பெத்த தாய்க்குச் செய்யச் சொன்னது குத்தமா? போனவன் என்ன அங்கேயே கெடந்தானா? ஒன்னையும் புள்ளைகளையும் தேடிக்கிட்டுத்தானே…”

ராக்காயியின் கை பளீரென்று அவள் கன்னத்தில் இறங்கியது.

புருஷனின் அக்காளை, தாய்க்குச் சமமானவளை, தம்பி பெண்டாட்டி கைநீட்டி அடிப்பதை அந்தத் தோட்டத்தில் யாரும் கண்டதில்லை. வேலாயி வாயில் கையை வைத்துக்கொண்டாள். பேச்சியம்மா சொல்ல வந்த மிச்சச் சொல் நாக்கில் அப்படியே நின்றது. ‘வந்திருக்கான்.’ அந்தச் சொல்லின் சூடு தெரிந்ததும் அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

“மொகத மே கலபலே?” என்றார் சப்-இன்ஸ்பெக்டர், இதென்ன கலவரம் என்று.

செல்லசாமி கங்காணி குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு சிங்களத்தில் விளக்கினான். அடி வாங்கியவளின் தம்பி இந்தியாவுக்குப் போனவன், அடித்தவள் அவனுடைய பெண்டாட்டி.

“தவம ஆவே நெத்த?” இன்னும் வரவில்லையா என்று கேட்டார் அவர்.

கங்காணி ராக்காயியைப் பார்த்தான். பேச்சியம்மாவின் கன்னத்தைப் பார்த்தான்.

“நெஹே மாத்தயா, இல்லீங்க. வந்திருந்தா இவ ஏன் இப்பிடி அழுகறா?”

ராக்காயி மெய்யாகவே அழுதுகொண்டிருந்தாள். தரையில் உட்கார்ந்து, முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு, தோள் குலுங்க அழுதாள். சப்-இன்ஸ்பெக்டருக்கும் வீட்டில் அக்காளும் பெண்டாட்டியும் இருந்திருக்க வேண்டும். உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, காம்பராக்களைப் பார்த்துவிட்டு வரும்படி கான்ஸ்டபிளை அனுப்பினார். கான்ஸ்டபிளும் கங்காணியும் ஒவ்வொரு கதவாகக் குனிந்து பார்த்தார்கள். ராக்காயியின் காம்பராவில் ஈர விறகு புகைந்துகொண்டிருந்தது. கான்ஸ்டபிள் வாசலிலேயே இருமிக்கொண்டு திரும்பிவிட்டான். கங்காணி மட்டும் உள்ளே போய், அட்டலை அண்ணாந்து பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, “ஒண்ணுமில்ல,” என்றான். புகைதான் கண்ணைக் கரித்ததோ என்னவோ, அதைப் பற்றி அவன் அப்புறமும் ஒருநாளும் பேசவில்லை.

ஜீப் வளைவு தாண்டி, சத்தமும் அடங்கி, வேலாயி ஆள் வைத்துப் பார்த்துவிட்டு வந்து சொன்ன பிறகுதான் லயம் மூச்சு விட்டது. சனம் பேச்சியம்மாவையும் ராக்காயியையும் தனியாக விட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டது. அந்த மரியாதை அந்தச் சனத்துக்கு உண்டு.

அடுப்படியில் ராக்காயி கோதுமை மாவைப் பிசைந்துகொண்டிருந்தாள். பேச்சியம்மா சுவரோரம் உட்கார்ந்து சம்பலுக்குத் தேங்காய் துருவினாள். கன்னத்தில் நான்கு விரலும் அப்படியே பதிந்திருந்தன.

“கையத் தூக்கிட்டேன் மதினி,” என்றாள் ராக்காயி. “இந்தக் கைய வெட்டிப் போட்டாலும் தகும்.”

“கை கெடக்குது விடு. அது அடிக்காட்டி இந்நேரம் அவன் ஜீப்புல இருப்பான். அதுக்கு நான் ஒன் கையக் கும்புடணும்.” துருவலைத் தட்டில் தட்டினாள். “நீ சொன்னியே, அது?”

ராக்காயி மாவை உருட்டினாள். பேச்சியம்மா உலகத்தில் எத்தனையோ கேள்வி கேட்டவள். ஒரு கேள்விக்கும் இப்படிப் பயந்ததில்லை.

“சண்டைக்குச் சொன்னியா, நெசமாச் சொன்னியா?”

“நெசந்தான் மதினி.”

கன்னத்தில் விழுந்ததைவிட இது பலமாக விழுந்தது. பேச்சியம்மாவின் கண்ணில் நீர் முட்டியது. துருவலில் விழாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“ரெண்டு வருசமா மனசுல வச்சிக்கிட்டா எனக்கு ரொட்டி சுட்டுப் போட்ட?”

“வேறென்னங்க செய்யறது? ஒங்கள விட்டா எனக்கும் யாரு இருக்கா?”

“அன்னைக்கே கேட்டிருக்கலாமுல்ல. இந்த லயத்துல நான் எல்லாரையும் எல்லாத்தையும் கேக்கறேன். என்னைய ஒருத்தியும் ஒண்ணுமே கேக்கல.” மூக்கை உறிஞ்சினாள். “எனக்கும் தெரியும்டி. அவன் போன கப்பலு திரும்பாதுன்னு அன்னைக்கே என் மனசுல பட்டுச்சு. ஆத்தா பொணத்தத்தான் நான் பாக்கல, புள்ள கையால தண்ணியாச்சும் குடிக்கட்டும்னு ஒரு வெறி. என்னால போக முடியல, அவன அனுப்புனேன். நீ கால்ல விழுந்தப்ப நான் கண்ண மூடிக்கிட்டேன். பாத்தா எளகிருவேன்னு.”

“பாத்திருக்கலாம் மதினி.”

“ஆமா. பாத்திருக்கலாம்.”

ராக்காயி தட்டிய ரொட்டியைக் கல்லில் போட்டாள். அவள் தோள் மறுபடி குலுங்கத் தொடங்கியது. பேச்சியம்மா தேங்காய்ப் பாதியை வைத்துவிட்டு, நகர்ந்து வந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் சேர்ந்தே அழுதார்கள். குரல் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போனது.

அட்டலில் விறகு அசைந்தது.

“அக்கா,” என்றான் ஆண்டியப்பன், தணிந்த குரலில். “ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருக்கீங்களா, சண்டையா? நான் எறங்கலாமா வேணாமா?”

பேச்சியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ராக்காயியைப் பார்த்தாள். ராக்காயி தலையை ஆட்டினாள்.

“சண்டதாண்டா. இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கோம்,” என்றாள் பேச்சியம்மா. “நாங்க முடிக்கற வரைக்கும் நீ அங்கேயே கெட.”